நாலு கல்லும் ஒரு தார்ப்பாயும்

"குருவே, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பூ நிக்குமா?"

கென்சோ இதைக் கேட்டது திங்கட்கிழமை. அன்றைக்கு மரத்தில் பூவே இல்லை. வெறும் மொட்டு.

குரு ரின்யோ கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நிக்கலாம்."

"நிக்குமா, நிக்கலாமா?"

ரின்யோ ஒரு நகத்துண்டை உள்ளங்கையில் வைத்து ஊதினார். அது பறந்து எங்கேயோ விழுந்தது.

"எங்க விழுந்துச்சு?"

"நான் பாக்கலையே."

"நானும் பாக்கல."

கென்சோவுக்கு எரிச்சல் வந்தது. கேள்வி கேட்டால் நகத்தை ஊதுகிறார்.

ரின்யோ அந்தச் சின்ன மடத்தின் தலைவி. பெண் துறவி. கென்சோவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதனால் கென்சோவை 'நீங்க' என்றுதான் சொல்வார். அந்த 'நீங்க'வில் மரியாதை கொஞ்சம்தான் இருக்கும்.

கென்சோவுக்கு ஐம்பத்து மூன்று. மடத்துக்கு வந்து எட்டு வருஷம். எட்டு வருஷமாகக் கண்ணை மூடி உட்கார்ந்தும் பயம் போகவில்லை. மூடிய கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்து பயந்தார்.

"ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம்?"

கென்சோ மடித்த கடிதத்தை நீட்டினார்.

கடிதத்தில் நாலு வரி இருந்தது.

*ஞாயிறு. ஆற்றங்கரை, பெரிய செர்ரி மரம்.*
*பூ இருந்தால் வருகிறேன்.*
*ஐந்து மணி ரயிலில் திரும்ப வேண்டும்.*
*ஷிஹோ.*

"யாரு ஷிஹோ?"

"என் மக."

கதை இதுதான். கென்சோ ஒரு நாள் காலையில் கம்பெனிக்குப் போனார். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்போது ஷிஹோவுக்கு ஒன்பது வயது. அடிதடி இல்லை, சண்டை இல்லை, வேறு பெண்ணும் இல்லை. ஏன் போனார் என்று அவருக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. நாலு வருஷம் எங்கெங்கோ திரிந்துவிட்டு மடத்துக்கு வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மகளுக்கு ஒரு வாழ்த்து அட்டை போட்டார். எட்டு அட்டை. ஒன்றுக்கும் பதில் இல்லை.

இப்போது இந்த நாலு வரி.

"ரெண்டாவது வரியைப் பாத்தீங்களா குருவே? பூ இருந்தா வருவாளாம். இல்லேன்னா?"

ரின்யோ அடுத்த நகத்துக்குப் போனார்.

*

வியாழக்கிழமை கென்சோ ஆற்றங்கரையிலிருந்து ஓடி வந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"முழுசாப் பூத்திருச்சு!"

"நல்லதுதானே. ஏன் அழுகை?"

"இனி உதிர வேண்டியதுதானே பாக்கி!"

ரின்யோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டை எடுத்து கென்சோவின் வாயில் வைத்தார். காரமான முள்ளங்கி. கென்சோ இருமினார்.

"இருமறப்ப பூ ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ரொம்ப மோசம்" என்றார் ரின்யோ. உண்மையிலேயே கவலைப்பட்ட மாதிரி இருந்தது.

*

சனிக்கிழமை மழை.

வானொலியில் சொல்லிவிட்டார்கள், சனி மழை, ஞாயிறு காற்று என்று. செர்ரிப் பூவுக்கு ஆயுளே ஒரு வாரம்தான். அதில் ஒரு நாள் மழை, ஒரு நாள் காற்று என்றால் கணக்கு முடிந்தது.

கென்சோவை மடத்தில் காணவில்லை. ரின்யோ ஆற்றங்கரைக்குப் போனார்.

பெரிய மரத்தடியில் கென்சோ நின்றிருந்தார். குதிகாலை எம்பி, குடையை ஒரு கிளைக்கு மேலே பிடித்திருந்தார். அவர் முழுக்க நனைந்திருந்தார். கிளை நனையவில்லை. அப்படி அவர் நம்பினார்.

ரின்யோ அந்தக் குடைக்குள் வந்து நின்றார்.

"இந்தக் கிளைக்கு மட்டுமா?"

"கை ரெண்டுதானே இருக்கு."

"மத்த கிளையெல்லாம்?"

கென்சோ நிமிர்ந்து பார்த்தார். கிளைகள் ஆற்றின் மேல் வரைக்கும் போயிருந்தன. அவருக்கு மயக்கம் வரும்போல இருந்தது. உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் மேல பாக்க மாட்டேன். பாத்தா பயமா இருக்கு."

"சரி" என்று ரின்யோ குடையை அவர் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டு மடத்துக்கு நடந்தார். குடை ரின்யோவுடையது.

*

ஞாயிறு விடிவதற்கு முன்பே கென்சோ கிளம்பிவிட்டார்.

ஜப்பானில் பூ பார்ப்பது சும்மா போய் நின்று பார்ப்பது இல்லை. மரத்தடியில் உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், குடிக்க வேண்டும். அதற்கு இடம் பிடிக்க வேண்டும். விடியும் முன்னே போய்த் தார்ப்பாய் விரித்து ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். கம்பெனிகளில் புதுசாகச் சேர்ந்தவன் தலையில்தான் இந்த வேலை விழும். அந்தக் காலத்தில் கென்சோ இதில் கில்லாடி. ஒருமுறை பதினாலு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தார். மேலாளர் தோளில் தட்டிப் பாராட்டினார். அந்த ஒரு பாராட்டுதான் அவருக்குக் கம்பெனியில் கிடைத்தது.

அவர் கையில் நீலத் தார்ப்பாய், ஃபிளாஸ்க், ஒரு சின்ன மெத்தை, ஒரு டப்பா. டப்பாவில் குச்சியில் குத்திய அரிசிமாவு உருண்டைகள். ஒரு குச்சிக்கு மூன்று: ரோஜா நிறம், வெள்ளை, பச்சை. சின்ன வயதில் ஷிஹோ ரோஜா நிற உருண்டையை மட்டும் தின்றுவிட்டு மீதியை அப்பாவிடம் நீட்டுவாள்.

வாசலில் ரின்யோ நின்றார்.

"மெத்தை யாருக்கு?"

"மகளுக்கு."

"பூனை உக்கார்ற அளவுக்குத்தான் இருக்கு."

கென்சோ காதில் வாங்கவில்லை. "குருவே, காத்து பலமா இருக்கும். தார்ப்பாய் பறந்துடும். தோட்டத்துல இருந்து கல்லு எடுத்துக்கட்டுமா? ஒரு பத்து?"

"மூலை எத்தனை?"

"நாலு."

"அப்ப நாலு. ஆனா அது என் தோட்டத்துக் கல்லு. சாயங்காலம் வந்து வாங்கிக்குவேன்."

"கண்டிப்பா குருவே."

"நாலையும்."

*

பெரிய மரத்தடி அவருக்கே கிடைத்தது. தார்ப்பாயை விரித்தார். மூலைக்கு ஒரு கல். நடுவில் சின்ன மெத்தை. மெத்தைக்கு எதிரே அவர்.

எட்டு மணிக்குப் பக்கத்தில் இன்னொரு தார்ப்பாய் வந்தது. சலவைக் கடைப் பெண்கள் ஆறு பேர். அவர்களுக்குத் தலைவி தொமிகோ என்கிற அறுபது வயது அம்மாள். குரல் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்கும்.

"சாமி! கொஞ்சம் தள்ளிக்கங்க. எங்களுக்கு இடம் பத்தல."

"முடியாதும்மா. ஆள் வருது."

"எத்தனை ஆளு?"

"ஒரு ஆளு."

"ஒரு ஆளுக்கு இத்தனை இடமா? புத்தரே வர்றாரா?"

ஆறு பேரும் சிரித்தார்கள். கென்சோ சிரிக்கவில்லை. இரண்டு தார்ப்பாய்களுக்கும் நடுவே காலால் மண்ணில் ஒரு கோடு போட்டார்.

அன்றைக்கு முழுக்க அவர் பார்த்தது அந்தக் கோட்டையும் கால்களையும்தான். தார்ப்பாயில் செருப்போடு ஏறுவது பெரிய மரியாதைக் குறைவு. ஓரத்தில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு ஏற வேண்டும். எனவே வருகிறவர்களுக்கு முகம் வருவதற்கு முன்னால் கால் வரும். கென்சோவுக்கு முகங்களைப் பார்க்கத் தைரியமும் இல்லை. கால் போதும் என்று இருந்தார்.

பூட்ஸ் வந்தது. "ஆள் வருது" என்றார். போய்விட்டது.

மரச் செருப்பு வந்தது. "ஆள் வருது."

குதிகால் உயர்ந்த செருப்பு, குழந்தைத் தள்ளுவண்டியின் சக்கரம், ஒரு நாயின் நாலு கால். எல்லாவற்றுக்கும் அதே பதில். நாய்க்கும் சொன்னார்.

பத்து மணி இருக்கும். தொமிகோ அம்மாள் மீன் சுடுகிற அடுப்பைத் தூக்கிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைக்கப் பார்த்தார்.

"அம்மா! கோடு!"

"ஒரு சாண் தானே சாமி! மீனுக்குக் கூடவா இடம் இல்ல?"

"ஒரு விரல் கூட இல்ல!"

அப்போது தார்ப்பாயின் இந்த ஓரத்தில் ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது. பழுப்பு நிறம். நடந்து தேய்ந்தது. வலது காலில் வெள்ளை லேஸ், இடது காலில் பச்சை.

"இங்க உக்காரலாமா?" பெண் குரல்.

கென்சோவின் கண் அடுப்பின் மேலேயே இருந்தது. கையைப் பின்னால் நீட்டி ஆட்டினார்.

"ஆள் வருதும்மா."

"யாரு?"

"என் மக."

ஷூ நகரவில்லை.

"எவ்வளவு பெரிய பொண்ணு?"

கென்சோவின் கை தானாக மேலே போய் ஓர் உயரத்தில் நின்றது. உட்கார்ந்தபடி அவர் கை எட்டுகிற உயரம். ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரம்.

"இவ்வளவு" என்றார். அடுப்பு இன்னொரு விரல் உள்ளே வந்தது. "அம்மா, சொல்லிக்கிட்டே இருக்கேன்ல!"

அவர் அடுப்பைத் தள்ளி முடித்துத் திரும்பியபோது ஷூ அங்கே இல்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் தொமிகோ அம்மாள் யாரையோ கூப்பிட்டார். "இங்க வாம்மா! எங்க பாய்ல இடம் இருக்கு. அந்த மொட்டைகிட்டக் கேட்டா மோட்சம்கூடக் கிடைக்காது."

ஆறு பேர் சிரிப்பு.

கென்சோ கோட்டை இன்னும் ஆழமாக்கினார்.

*

பன்னிரண்டு மணி.

அவருக்கு ஒன்றுக்கு வந்தது. அடக்கினார். அவர் போகிற நேரம் பார்த்து அவள் வந்துவிட்டால்?

"போய்ட்டு வாங்க சாமி, நான் பாத்துக்கறேன்" என்றார் தொமிகோ.

"நீங்களா? அடுப்பைக் கொண்டாந்து நடுவுல வெப்பீங்க."

"அய்ய, ஒரு மீன் கூடக் குடுக்கலாம்னு இருந்தேன். போங்க, இல்ல."

ஒரு மணி. காற்று வந்தது. தார்ப்பாய் மேல் இதழ் விழ ஆரம்பித்தது. ஒன்று, நாலு, ஏழு.

பூ உதிர்வதை அவள் பார்க்கக் கூடாது. கென்சோ ஒவ்வொரு இதழாகப் பொறுக்கி, தார்ப்பாயில் இருந்தபடியே எட்டி மரத்துக்குப் பின்னால் போட்டார். பொறுக்கி முடிப்பதற்குள் இருபது விழுந்தது. அதையும் பொறுக்கினார்.

"சாமி என்ன பண்றாரு?" என்று அந்தப் பக்கம் ஒருத்தி கேட்டாள்.

"பெருக்கறாரு."

"எதுக்கு?"

"அவருக்கே தெரியாது. விடு, ஊத்து."

இரண்டு மணி. மூன்று மணி.

சின்னக் காலாக எது வந்தாலும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. சிவப்பு ரப்பர் செருப்பு ஓடி வந்தது. வேறு யாருடைய பிள்ளையோ. வெள்ளைக் கான்வாஸ் வந்தது. அதுவும் வேறு யாருடையதோ.

மூன்றரைக்கு அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். ரோஜா நிற உருண்டை காயத் தொடங்கியிருந்தது. டப்பாவை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

நாலு மணி.

"வரமாட்டா" என்று சத்தமாகச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"யாரு சாமி?" என்று தொமிகோ அம்மாள் கேட்டார். இந்தமுறை குரலில் கிண்டல் இல்லை.

கென்சோ குனிந்து இன்னொரு இதழைப் பொறுக்கினார். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காகிதத் தட்டு கோட்டைத் தாண்டி மெதுவாக இந்தப் பக்கம் வந்தது. தட்டில் சுட்ட மீன். தள்ளியது ஓர் இளம் கை.

கென்சோ தட்டைத் திருப்பித் தள்ளினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும்வரை தள்ளினார்.

*

நாலு இருபதுக்கு ரின்யோ வந்தார். கையில் துணிப்பை.

"வந்தாளா?"

"இல்ல."

"பூ இருக்கா?"

"இருக்கும்."

"இருக்குமா?"

"நான் பாக்கல குருவே. நேரம் இல்ல. ஒரே வேலை."

ரின்யோ தலையாட்டினார். "சரி. கல்லைக் குடுங்க."

கென்சோவுக்கு முதலில் புரியவில்லை. "இப்பவா?"

"சாயங்காலம்னு சொன்னேன்."

"அஞ்சு மணிக்கு ரயிலு. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு! கடைசி நிமிஷத்துல வரலாம். குருவே, கையெடுத்துக் கும்பிடறேன்."

ரின்யோ குனிந்து முதல் கல்லை எடுத்துப் பையில் போட்டார்.

அந்த மூலை படபடவென்று எழும்பியது. கென்சோ பாய்ந்து அதைக் கையால் அழுத்தினார்.

ரின்யோ இரண்டாவது கல்லை எடுத்தார்.

இன்னொரு கை.

மூன்றாவது.

இப்போது கென்சோ குப்புறப் படுத்துக் காலை நீட்டினார். கால் கட்டைவிரலால் மூன்றாவது மூலையைப் பிடித்தார். அவர் வயிற்றுக்குக் கீழே டப்பா நொறுங்கியது. அரிசி உருண்டைகள் நசுங்குவது அவருக்கே தெரிந்தது.

"குருவே, ஒண்ணாவது விடுங்க."

"தோட்டத்துல நாலு குழி இருக்கு" என்றார் ரின்யோ. நாலாவதையும் எடுத்தார்.

கென்சோ இரண்டு கையும் இரண்டு காலும் விரித்து, சுவரில் பல்லி மாதிரி, தார்ப்பாயின் மேல் கிடந்தார். மூக்கு பிளாஸ்டிக்கில் அழுந்தியது. காற்று நாலு பக்கமும் தேடியது, எங்கே நுழையலாம் என்று.

"எவ்வளவு நேரம் இப்படி?" என்றார் ரின்யோ.

"அவ வர்ற வரைக்கும்."

"வந்தா எப்படித் தெரியும்?"

கென்சோவுக்குத் தெரிந்ததெல்லாம் நீல நிறம்தான்.

அப்போது அக்கரையில் ரயில்வே கேட்டின் மணி அடித்தது. டங் டங் டங்.

சரக்கு வண்டிதான். ஐந்து மணி வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கென்சோவின் காதுக்கு எல்லா வண்டியும் ஐந்து மணி வண்டிதான். "போச்சு!" என்று தலையைத் தூக்கினார். கூடவே ஒரு கையும் எழும்பிவிட்டது.

காற்றுக்கு அது போதும்.

தார்ப்பாய் அவரை உருட்டிவிட்டு எழுந்தது. மெத்தை பறந்தது. ஃபிளாஸ்க் உருண்டது. நீலத் தார்ப்பாய் கோட்டைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, சலவைக் கடைப் பெண்களின் தலைக்கு மேல் போனது.

"ஐயோ, என் மீனு!" தொமிகோ அம்மாள் கத்தினார்.

கென்சோ ஓடினார். பதினோரு மணி நேரத்தில் முதல் தடவையாகத் தார்ப்பாயை விட்டு வெளியே, அவர் போட்ட கோட்டை அவரே மிதித்துக்கொண்டு ஓடினார். கடைசி நொடியில் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துவிட்டார்.

அது மேலே போகவில்லை. நின்றது.

மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

கென்சோ வழக்கம்போல முதலில் காலைப் பார்த்தார். காலில் வெறும் சாக்ஸ். சலவைக் கடைத் தார்ப்பாயின் ஓரத்தில் ஏழு ஜோடி வரிசையாக இருந்தது. ஆறு ஜோடி வயசான செருப்பு. ஏழாவது ஜோடி பழுப்பு ஷூ. வலது லேஸ் வெள்ளை. இடது லேஸ் பச்சை.

காலையில் இடம் கேட்ட பெண்.

சாக்ஸிலிருந்து அவர் கண் மெதுவாக ஏறியது. முழங்கால். மேல்சட்டைப் பை. பையிலிருந்து ஒரு கட்டு அட்டை எட்டிப் பார்த்தது. புத்தாண்டு அட்டை. மேல் அட்டையில் இருந்தது அவருடைய கையெழுத்து.

இன்னும் ஏறியது.

அவள் தலைக்குப் பின்னால் ஒரு மரம் நிறையப் பூ. மழையிலும் விழாமல், காற்றிலும் தீராமல், ஆற்றின் மேல் வரைக்கும் பூ.

அவள் ஒரு கையால் தார்ப்பாயை இறுகப் பிடித்திருந்தாள். காலையில் இருந்து அவர் பக்கத்திலேயே, எட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் இன்னொரு கையைத் தூக்கித் தன் உச்சந்தலை மேல் தட்டையாக வைத்தாள்.

"இவ்வளவு" என்றாள்.